"எல்லாருக்கும்தானே நடந்தது": வன்னியில் பதகளிப்பும் மனவடுவும் மறைந்து கிடக்கும் விதம்

இலங்கையின் வடபகுதியான வன்னியில் ஒருவர், "நித்திரையே வருதில்லை, நெஞ்சு படபடக்குது, ஏதும் சத்தம் கேட்டா உடம்பெல்லாம் நடுங்குது" என்று வாய் திறந்தால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் இதுதான்: "உனக்கு மட்டுமே? எல்லாருக்கும்தானே நடந்தது." சொல்பவர் நோகடிக்கச் சொல்வதில்லை, தேற்றத்தான் சொல்கிறார். அதில் பொய்யும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக்பாம் முதலான முகாம்களுக்குள் போனார்கள். அவர்களில் இழப்பு இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் எல்லாருக்கும் நடந்ததே தவிர, எல்லாருக்கும் நோய் வரவில்லை. வந்தவர் தன்னைப் பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அங்கே இரண்டு பிள்ளைகளை இழந்த தாய் விடிய எழும்பி மாடு கறக்கிறாள். அப்படியிருக்க, எனக்கு என்ன வந்தது, நான் ஏன் இப்படி என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார். இங்கே வைத்தியத்துக்குத் தடையாக இருப்பவற்றில் கிளினிக் தூரம், பஸ் இல்லை என்பவற்றைவிட இந்த ஒப்பீடுதான் பெரியது என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வருகிறவர்கள், வெளிநாட்டில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் உட்பட, "வன்னிச் சனம் முழுக்க மனம் பாதிக்கப்பட்ட சனம்" என்று ஒரே வீச்சில் சொல்லிவிடுவார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. போர் முடிந்த கையோடு, 2009 ஜூலை முதல் செப்டம்பர் வரை, அயலில் உள்ள யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான அதன் முடிவுப்படி, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் (PTSD, நடந்த பயங்கரம் ஆளை விடாமல் துரத்துகிற நோய்) அறிகுறிகள் 7 சதவீதத்தினரிடமும், பதகளிப்பு (அளவுக்கு மீறிய பயமும் படபடப்பும்) 32.6 சதவீதத்தினரிடமும், மனச்சோர்வு 22.2 சதவீதத்தினரிடமும் இருந்தன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் அவை 13, 48.5, 41.8 என்று ஏறின. இடம்பெயர்ந்திருந்தவர்களிலும் பெரும்பான்மையினருக்கு மனவடு நோய் இல்லை என்பதை இதில் கவனிக்க வேண்டும். பதகளிப்பும் மனச்சோர்வும் அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் கவனிக்க வேண்டும். கெட்ட கனவும் கண்முன் காட்சியும் உள்ளவரை மட்டும் நோயாளி என்று தேடிக்கொண்டிருந்தால், உதவி வேண்டிய பெரும் பகுதியினர் கண்ணில் படாமலே போய்விடுவார்கள்.

அவர்கள் கண்ணில் படாமல் போவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பயம் "பயம்" என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. உடம்பாகத்தான் வருகிறது. முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்கிற, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது, கால் எரிகிறது, தலை பாரம், வயிற்றில் எரிச்சல், பெருமூச்சு விட்டால்தான் கொஞ்சம் ஆறுதல். வெளிநோயாளர் பிரிவில் ஈசிஜி எடுத்தால் சரியாக இருக்கிறது. சீனி இல்லை, பிரஷர் கொஞ்சம் கூட. காஸ்ட்ரைட்டிஸ் என்று குளிசை கொடுக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து அதே முறைப்பாட்டோடு இன்னொரு வைத்தியரிடம் போகிறார், பிறகு தனியார் கிளினிக், பிறகு ஸ்கேன். வீட்டில் ஒரு பை நிறைய ரிப்போர்ட் சேர்ந்துவிடும். எல்லாம் "நோர்மல்". அவர் நடிக்கவில்லை, வலி உண்மை. கேட்கப்படாதது ஒரு கேள்விதான்: "ஐயா, இரவில் எப்படி நித்திரை?"

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யானைக் காவலுக்கு வயலில் படுக்கிற நாட்களில், பக்கத்து வயல்காரர் யானை வெடி கொளுத்தினால் தான் குடிலுக்குள் குப்புற விழுந்து கிடப்பதை. விழுந்த பிறகுதான் அது யானை வெடி என்று தெரிவதை. அதற்குப் பிறகு விடியும்வரை கண் மூடாததை. அடுத்த போகத்திலிருந்து காவலுக்கு மகனை அனுப்பிவிட்டுத் தான் வீட்டிலேயே இருந்ததையும், அதனால் வீட்டில் சண்டை வந்ததையும். அவரைப் பொறுத்தவரை இதெல்லாம் வைத்தியரிடம் சொல்கிற விசயமே இல்லை. வைத்தியரும் ஒரு நோயாளிக்கு ஒதுக்கக்கூடிய இரண்டு நிமிடத்தில் கேட்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. உடம்பு வலி எல்லாம் மனம்தான் என்று தீர்ப்புச் சொல்வதும் ஆபத்து. வன்னியில் எத்தனையோ பேர் உடம்புக்குள் செல் துண்டோடு இன்னும் நடமாடுகிறார்கள். தலையில் அடிபட்டவர்களும் உண்டு. தைரொய்ட் கூடினாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இரத்தச்சோகையும், சீனி இறங்குவதும், இருதய நோயும் பதகளிப்பு மாதிரியே வேசம் போடும். ஆகவே உடம்பைப் பார்த்துத் தெளிவதே முதல் படி. ஒரு முறை ஒழுங்காகப் பார்த்த பிறகும் அதே சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால், அது பயத்துக்குத் தீனி போடுகிற வேலையாகிவிடும்.

பதகளிப்பு என்ற பொதுப் பெயருக்குள் வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஆறு மாதத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், எதைப் பார்த்தாலும் யோசினை என்று இருப்பார். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரப் பத்து நிமிடம் பிந்தினால் படலையடியில் நிற்பார். தோள் இறுகிப் போயிருக்கும், எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது. இன்னொருவருக்கு அது திடீரென்று வரும். பஸ்ஸில் இருக்கும்போதோ சந்தையில் நிற்கும்போதோ நெஞ்சு இடித்து, மூச்சு முட்டி, கை விரல் விறைத்து, இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானாக இறங்கும். பயத்தில் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. அது குறைந்தால் தலை சுற்றும், விரலும் உதடும் விறைக்கும். அந்த விறைப்பைப் பார்த்து "ஸ்ட்ரோக்" என்று இன்னும் பயந்து, இன்னும் வேகமாக மூச்சு விடுவார். இந்த வட்டத்தை ஒரு தாளில் வரைந்து காட்டினாலே பாதிப் பேருடைய முகம் மாறும். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி மெதுவாக விடுவது பலருக்குக் கை கொடுக்கும். விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பொலித்தீன் பைக்குள் மூச்சு விடச் சொல்கிற பழைய கைமருந்து வேண்டாம். உண்மையிலேயே இருதயமோ நுரையீரலோ கோளாறாக இருந்தால் அது உயிருக்கே வினையாகும்.

மனவடு நோய் வேறு மாதிரி. 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் அது தனி நோயாக இடம்பெற்றது. 2013இல் அதைப் பதகளிப்பு நோய்களின் வரிசையிலிருந்து எடுத்துத் தனிப் பிரிவில் வைத்தார்கள். சரியான முடிவு. ஏனென்றால் அந்த நோயின் நடுவில் எப்போதும் பயம்தான் இருக்கும் என்றில்லை. பலரிடம் குற்ற உணர்வும் வெட்கமும் கோபமும்தான் முன்னுக்கு நிற்கும். "காயப்பட்ட அம்மாவைத் தூக்க முடியாமல் தறப்பாளால் மூடிவிட்டு நடந்து வந்தேன்" என்று சொல்பவரிடம் "இனிப் பயமில்லை, எல்லாம் முடிந்துவிட்டது" என்பது பொருந்தாத ஆறுதல். அவர் பயத்தோடு வரவில்லை.

அடையாளங்கள் நாலு பக்கமாக வரும். நடந்தது கனவாகவும், பகலில் கண்முன் காட்சியாகவும் திரும்புவது ஒன்று. அதை நினைவூட்டுகிற இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது இன்னொன்று. மனம் மரத்துப் போய், தன்னையும் உலகத்தையும் பற்றிய எண்ணமே கறுத்துப் போவது மூன்றாவது. எப்போதும் விழிப்பாக, திடுக்கிட்டபடி, சள்ளென்று கோபம் வருகிறபடி இருப்பது நாலாவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ குடும்பத்தையோ கெடுத்தால் அது நோய். மாதக் கணக்கிலோ வருடக் கணக்கிலோ பிந்தியும் வரலாம். போர் முடிந்து பத்து வருடம் ஒழுங்காக இருந்தவர் பிள்ளையைக் கட்டிக் கொடுத்து, ஓய்வாக உட்கார்ந்த பிறகு உடைந்து போவது அதிசயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாட்டில் சிக்கலான மனவடு என்று மற்றொரு வகையும் இருக்கிறது. நீண்ட காலம், திரும்பத் திரும்ப, தப்ப வழியில்லாமல் அடிபட்டவர்களுக்கு மேலே சொன்னவற்றோடு உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாமையும், தான் ஒன்றுக்கும் உதவாதவர் என்ற எண்ணமும், யாரோடும் ஒட்ட முடியாமையும் சேர்ந்து வரும். மாதக் கணக்காகப் பங்கருக்குள் கிடந்த ஒரு சனத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வகையை மறக்க முடியாது.

மூளையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால், சாதாரண நினைவுக்குத் தேதியும் இடமும் உண்டு. அது முடிந்த கதை என்று நமக்குத் தெரியும். உயிர் போகிற நேரத்தில் பதிகிற நினைவில் சத்தமும் மணமும் உடம்பின் நடுக்கமும் ஆழப் பதிந்துவிடும், தேதியும் இடமும் சரியாக ஒட்டாது. ஆபத்தை மோப்பம் பிடிக்கிற அமிக்டலா என்ற பகுதி, திருடன் போன பிறகும் இலை அசைந்தால் குரைக்கிற காவல் நாய் மாதிரி வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் கலியாண வீட்டில் ட்ரோன் கமரா மேலே இரையும்போது, அந்தக் காலத்தில் வேவு விமானத்தை "வண்டு" என்று கூப்பிட்ட தலைமுறை சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறது. பார்ப்பது நோயில்லை. பார்த்துவிட்டுச் சிரித்துச் சாப்பிடுகிறவரும் உண்டு, எழும்பி வீட்டுக்குப் போய்விடுகிறவரும் உண்டு.

எழும்பிப் போவது, அதாவது தவிர்ப்பது, இந்த நோய்க்குச் சோறு போடுவது. வட்டுவாகல் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 2009 மே மாதம் சனம் அந்தப் பாலத்தைக் கடந்துதான் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தது. பலர் உறவினரைக் கடைசியாகப் பார்த்ததும் அங்கேதான். முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போக அதுதான் நேர் வழி. ஒருவர் அந்தப் பாலத்தைப் பார்க்க முடியாமல் முள்ளியவளை, ஒட்டுசுட்டான் என்று சுற்றிப் போகிறார் என்று வைப்போம். சுற்றிப் போன அன்று நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிதான் பொறி. "பாலத்தால் போயிருந்தால் ஏதோ நடந்திருக்கும், நல்லவேளை தப்பினேன்" என்று மூளை படித்துக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் கூடும். பிறகு அந்தப் பக்கத்து உறவினர் வீடும் வேண்டாம், சந்தையும் வேண்டாம் என்று உலகம் சுருங்கும்.

வைத்தியத்தின் ஒரு பெரிய பகுதி இந்தச் சுருக்கத்தை மெல்ல மெல்ல அவிழ்ப்பது. நம்பிக்கையான ஒருவரோடு, படிப்படியாக. முதலில் பாலத்தைப் பற்றிக் கதைப்பது, பிறகு படத்தில் பார்ப்பது, தூரத்தில் நின்று பார்ப்பது, ஆள் துணையோடு பாதித் தூரம் நடப்பது. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, தானாக இறங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். இறங்கும் என்பதை உடம்பு அனுபவித்துத் தெரிந்துகொள்வதுதான் மருந்து. ஆளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாலத்தின் நடுவில் விட்டு "பார், ஒன்றுமில்லை" என்றால் நிலைமை மோசமாகும். உண்மையான ஆபத்து இருக்கிற இடத்துக்கு இந்த முறை பொருந்தவும் பொருந்தாது. கண்ணிவெடி அகற்றாத காணிக்குள் போகப் பயப்படுகிறவருக்கு வைத்தியம் தேவையில்லை.

பேசிக் குணமாக்கும் முறைகளில், மனவடுவை மையமாகக் கொண்ட அறிகை நடத்தைச் சிகிச்சைக்கும் (எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றுகிற முறை), கண் அசைவோடு நினைவைக் கையாளும் முறைக்கும் உலக அளவில் நல்ல சான்று உண்டு. நம் நாட்டோடு தொடர்புள்ள இன்னொன்று கதைவழி வெளிப்பாட்டுச் சிகிச்சை. அதில் ஒரு கயிற்றைத் தரையில் விரிப்பார்கள், அதுதான் வாழ்க்கை. பிறந்ததிலிருந்து நடந்த நல்லவற்றுக்குப் பூ, கெட்டவற்றுக்குக் கல் என்று கயிற்றின் நெடுக வைத்துக்கொண்டு போக வேண்டும். பிறகு ஒவ்வொரு கல்லையும் எடுத்து, எப்போது, எங்கே, என்ன மணம், என்ன சத்தம், உடம்பில் என்ன செய்தது என்று முதலிலிருந்து முடிவு வரை சொல்லி, அதற்குத் தேதியும் இடமும் கொடுப்பார்கள். நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்த நினைவு கயிற்றில் தன் இடத்துக்கு வந்து அமரும். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளோடு இந்த முறையையும் தியானம், தளர்வுப் பயிற்சி ஆகியவற்றையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவது குழுவில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் இந்த வேலையைச் செய்யலாம் என்பதையும், மூச்சுப் பயிற்சியையும் தியானத்தையும் குறைத்து எடைபோடக் கூடாது என்பதையும் அது காட்டியது.

சரி, அப்படியென்றால் எல்லாரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொல்ல வைத்தால் போதுமா? கூடாது. சம்பவம் நடந்த கையோடு ஆட்களைக் கூட்டி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கிற முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அதனால் நன்மை இல்லை, சிலருக்குத் தீமையும் வரலாம். போர் முடிந்த பிறகு வன்னிச் சனத்திடம் கதை கேட்க வந்தவர்கள் கொஞ்சமா? பத்திரிகை, தொண்டு நிறுவனம், ஆணைக்குழு, ஆய்வு மாணவர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சொல்லச் சொல்ல அழுதவர்களை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அதைச் சிகிச்சை என்று எண்ணிவிடக் கூடாது. முதல் நாட்களில் தேவைப்படுவது பாதுகாப்பு, சாப்பாடு, உறவினரோடு சேர்த்துவிடுதல், சொல்ல விரும்பினால் குறுக்கிடாமல் கேட்டல், அவ்வளவுதான்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இந்த முறைகள் எல்லாம் ஒரு சுவரில் முட்டி நிற்கும். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்திடம் மட்டும் 16,000க்கு மேற்பட்டோர் காணாமல் போனதாகப் பதிவாகியிருக்கிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் தொடங்கிய போராட்டம் ஆண்டுக் கணக்கில் நீண்டது. செத்தவருக்கு எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று துக்கத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு சடங்கிலும் துக்கம் ஒரு படி இறங்கும். மகன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத தாய்க்கு அந்தப் படி எதுவும் இல்லை. தான் பொட்டு வைப்பதா விடுவதா என்று கேட்டுக்கொண்டிருக்கும் மருமகளும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். இந்தத் தாயிடம் "அவன் இல்லை என்று ஏற்றுக்கொள்ளுங்கோ அம்மா, அப்பதான் நிம்மதி வரும்" என்று ஒரு உளவளத்துணையாளர் சொன்னால் அது கொடுமை. அவள் தேடுவது நோய் அறிகுறி இல்லை. நித்திரையும் சாப்பாடும் கெட்டிருந்தால் அவற்றைப் பார்க்கலாம். ஒரே மாதிரி இழந்தவர்களோடு சேர்ந்து இருக்க வழி செய்யலாம். மிச்சம் இருக்கிற பிள்ளைகள் பக்கம் கொஞ்சம் கண்ணைத் திருப்ப உதவலாம். பதில் சொல்ல வேண்டிய கடமை அரசாங்கத்துடையது. அதைக் குளிசையால் ஈடுகட்ட முடியாது.

நீண்ட காலம் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி 2010இல் எழுதியபோது கூட்டு மனவடு என்ற கருத்தை முன்வைத்தார். ஆளுக்கு ஆள் நோய் பார்ப்பது மட்டும் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே உடைந்திருக்கின்றன, நம்பிக்கை, சடங்கு, பழக்கவழக்கம் எல்லாம் அறுந்திருக்கின்றன என்பது அதன் சாரம். அதனால்தான் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலையும் மடுத் திருவிழாவையும் வெறும் பக்தியாகப் பார்க்க நான் விரும்புவதில்லை. பிரிந்துபோன ஊர் அங்கே ஒரு நாள் ஒன்றாகக் கூடுகிறது, அழ வேண்டியவர் யாரும் கேள்வி கேட்காத இடத்தில் அழுகிறார். பார்வை பார்ப்பதும் நூல் கட்டுவதும்கூடப் பலருக்கு முதல் உதவி. அதைக் கேலி செய்கிற வைத்தியரிடம் சனம் இரண்டாம் முறை போகாது. அடித்துப் பேய் ஓட்டுவது, பட்டினி போடுவது, தொடர்ந்து குடிக்கிற குளிசையை நிறுத்தச் சொல்வது ஆகிய மூன்றில் ஒன்றைப் பூசாரியோ போதகரோ சொன்னால் அங்கிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். மற்றபடி கோவிலும் கிளினிக்கும் ஒன்றாகவே நடக்கலாம்.

குளிசை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் அதிகம். பதகளிப்புக்கும் மனவடுவுக்கும் கொடுக்கிற முக்கிய மருந்துகள் ஃபுளுவொக்செட்டின், செர்ட்ரலின் போன்றவை. இவை நித்திரைக் குளிசை இல்லை, பழக்கமாகிவிடுகிற போதையும் இல்லை. வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் எடுக்கும். முதல் வாரத்தில் வயிற்றைப் பிரட்டும், சிலருக்குப் படபடப்புக் கொஞ்சம் கூடும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலர் அந்த வாரத்திலேயே "இந்தக் குளிசை ஒத்துவரேல்லை" என்று எறிந்துவிடுகிறார்கள். சுகமான பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதும் வைத்தியரோடு கதைத்துப் படிப்படியாகத்தான். டயசிபாம் போன்றவை வேறு ரகம். உடனே தணிக்கும், உடனே பழகும். மனவடு நோய்க்கு அவை உதவுவதில்லை, நாள்பட்டால் கெடுக்கவும் செய்யும். பாமசியில் யாரோ கொடுத்தார்கள் என்று மாதக் கணக்கில் விழுங்குகிறவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். மனவடு நோய்க்கு முதலில் பேச்சுச் சிகிச்சை, அது கிடைக்காத இடத்தில் அல்லது மனச்சோர்வும் சேர்ந்திருக்கும்போது மருந்து என்பதுதான் வழிகாட்டல். நடைமுறையில் அரை மணித்தியாலம் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாத இடத்தில் மருந்துதான் முதலில் கைக்கு வருகிறது.

ஆம்பிளைகள் எடுக்கிற மருந்து வேறு. கசிப்பு. நித்திரைக்காகத் தொடங்கும். முதல் ஒரு மணித்தியாலம் நடுக்கம் அடங்கும், பிறகு நித்திரை துண்டு துண்டாக உடையும், விடியப் படபடப்பு இரட்டிப்பாகும். வீட்டில் அடி விழும். குடியை மட்டும் நோய் என்று பார்த்து ஆளைத் திட்டி அனுப்பினால் உள்ளே இருக்கிற பயம் அப்படியே இருக்கும். பெண்கள் பக்கம் கதை இன்னொரு மாதிரி. கணவன் இல்லாத வீட்டில் கிழமைக்குக் கிழமை லோன்காரர் வந்து படலையில் நிற்கும்போது வருகிற படபடப்புக்கு 2009 மட்டும் காரணமில்லை, இந்தக் கிழமையும் காரணம். கடன், காணிப் பிரச்சினை, வேலையின்மை போன்ற அன்றாட நெருக்கடிகளும் போர் அனுபவத்தோடு சேர்ந்து மன நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று ஆய்வுகளும் சொல்கின்றன. கடன் தவணைக்கு ஒரு வழி பிறந்ததும் நித்திரை வந்துவிட்ட பெண்ணுக்கு மனநோய் முத்திரை குத்தத் தேவையில்லை.

2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் இதற்கு வெளியே இல்லை. அவர்கள் செல் சத்தம் கேட்டதில்லை, ஆனால் செல் சத்தம் கேட்ட தாய் தகப்பனோடு வளர்கிறார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வெளியே விடாத அம்மா, ஏன் என்று தெரியாமல் கத்துகிற அப்பா. சின்னப் பிள்ளை "எனக்குப் பதகளிப்பு" என்று சொல்லாது. திரும்பப் படுக்கையில் சிறுநீர் போகும், அம்மாவின் சட்டையை விடாது, பள்ளிக்கூட நாளில் மட்டும் வயிறு வலிக்கும். இதைக் குழப்படி என்று அடிக்காமல் கவனிக்கிற ஒரு ஆசிரியர் கிடைத்தால் அந்தப் பிள்ளை அதிர்ஷ்டசாலி.

ஆக, எங்கே துக்கம் முடிந்து நோய் தொடங்குகிறது? எவ்வளவு இழந்தார் என்பதை வைத்து அளக்க முடியாது. கடந்த ஒரு மாதமாக நடந்தது கனவிலோ நினைவிலோ வேண்டாமலே வருகிறதா, அதை நினைக்காமலிருக்கப் பெரிய பாடுபடுகிறாரா, எப்போதும் திடுக்கிட்டபடி இருக்கிறாரா, ஆட்களிடமிருந்து விலகி மரத்துப் போயிருக்கிறாரா, நடந்ததற்குத் தன்னையோ மற்றவரையோ ஓயாமல் குற்றம் சொல்கிறாரா என்று கேட்கலாம். இவற்றில் மூன்றுக்கோ அதற்கு மேலோ ஆம் என்று வந்து, வயலோ அடுப்போ பிள்ளையோ கவனிக்க முடியாமல் இருந்தால் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பிள்ளைகளை இழந்தும் மாடு கறக்கிறாரே என்பது இந்தக் கணக்கில் வராது.

காட்டுவதற்குக் கொழும்புக்குப் பக்கத்து அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை. சுனாமிக்குப் பிறகு, 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை சேவையைக் கொழும்பிலிருந்து மாவட்டங்களுக்கு நகர்த்த வேண்டும் என்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பெரிய அரச வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவை விசாரித்தால் கிளினிக் நாளைச் சொல்வார்கள். காசு இல்லை. மனநல மருத்துவ அதிகாரி, சமூக உளநலத் தாதி, உளசமூகப் பணியாளர் என்று ஆட்கள் உண்டு, போதாது என்பது வேறு கதை. "விசர் கிளினிக்" என்ற பெயருக்குப் பயந்து அடுத்த மாவட்டத்துக்குப் பஸ் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். போகட்டும், போனால் சரி. சிலருக்கு ஆஸ்பத்திரியே பயம். 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை செல் வீச்சுக்கு உள்ளானபோது உள்ளே இருந்தவருக்கு டெட்டோல் மணமே போதும். அப்படிப்பட்டவரை வாசலிலேயே ஒருவர் சந்தித்துக் கதைக்க ஒழுங்கு செய்யலாம், கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு விசயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. "இனி இருந்து என்ன" என்று ஒருவர் சொன்னால், சாக வேண்டும் என்று யோசிக்கிறீர்களா என்று நேரே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அன்றைக்கே வீட்டில் இருக்கிற பூச்சி மருந்துப் போத்தலையும் களைநாசினியையும் அயலவர் வீட்டுக்கு மாற்றிவிட வேண்டும். இலங்கையில் 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 என்று உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்த தற்கொலை விகிதம் பிறகு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்ததற்கு முக்கிய காரணம், கடும் நஞ்சுள்ள பூச்சி மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததுதான். கைக்கு எட்டாமல் போனாலே பல உயிர் தப்பும். இரவு நேரமாக இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், அது 24 மணித்தியாலமும் இயங்கும்.

முதல் முறை கிளினிக்குக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட் பையை முழுதாகக் கொண்டு போங்கள், குடிக்கிற குளிசைகளின் அட்டைகளையும் சேர்த்து. நாட்டு மருந்து எடுத்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஒரு கிழமை நித்திரை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை முறை முழிப்பு வந்தது என்று பிள்ளையின் கொப்பியில் குறித்துக்கொண்டு போனால் வைத்தியருக்கு வேலை லேசு. வீட்டில் ஒருவர் கூடப் போவது நல்லது. ஆனால் உள்ளே கொஞ்ச நேரம் அவரைத் தனியாக விடுங்கள், வீட்டார் முன்னால் சொல்ல முடியாத ஏதாவது இருக்கும்.